முகில் நடுவே வழித்துணை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசை பேசுவோரும் உண்டு. இவ்வாண்டு அறிவியற் பொருள் ஒன்றும் இடம்பெற வேண்டுமென்று செயலாளர் விரும்பினார். அவர் விருப்பத்திற்கிணங்க நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதுமையானது. தம் கையாலேயே விமானம் கட்டி, அதனை முகிலுக்குள்ளும் செலுத்த விரும்பும் ஒருவர், வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவியை எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே அப்பொருள்.

"இக்காலனியில் எவர் வீட்டு மொட்டைமாடியில் விமானம் நிற்கிறது?" என்று நீங்கள் நகைக்கலாம். நகைப்பு நியாயமே. ஆயினும், நம் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவில் வாழ்கின்றனர். அந்நாட்டில் கார் நிறுத்தும் கொட்டகையில் விமானம் கட்டுவது, சட்டம் ஒப்புக்கொண்ட ஒரு பொழுதுபோக்காகும். நாளை ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்து, "அம்மா, விமானத்தைக் கட்டி முடித்துவிட்டேன், இனி மழை, முகில் என்று பாராமல் பறக்கலாம்" என்று கூறினால், பெற்றவர் என்ன சொல்வது? 'வேண்டாம்' என்றால் அவன் கேட்கப்போவதில்லை. 'பார்த்துப் போ' என்பதோ போதாது. அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அக்கேள்வியை உங்கள் கையில் கொடுப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

முதற்கண் இவ்விமானங்களைப் பற்றிச் சில சொற்கள். 1953-ஆம் ஆண்டில் பால் போபரஸ்னி என்பவர் அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் சோதனை விமான அன்பர்களுக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். தத்தம் கொட்டகைகளில் தனித்தனியே உழைத்துக்கொண்டிருந்தவர்களை அது ஒன்றுசேர்த்தது. இன்று ஆண்டுதோறும் ஆஷ்காஷ் என்னும் ஊரில் அச்சங்கம் நடத்தும் விழாவிற்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்து இறங்குகின்றன. ரிச்சர்டு வான்கிரன்ஸ்வன் என்பார் வகுத்த ஆர்.வி. வரிசை விமானங்கள் மட்டுமே பத்தாயிரத்திற்கு மேல் கட்டிப் பறக்கவிடப் பெற்றுள்ளன. நம் நாட்டில் இம்முயற்சி அரிது, ஆயினும் இல்லாததன்று. மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி, அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்திலேயே ஆறு பேர் அமரத்தக்க விமானம் ஒன்றைக் கட்டினார். 2016-இல் மும்பையில் நடைபெற்ற 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது வைக்கப்பெற்றது. 2017-இல் அரசின் பதிவையும் பெற்றது. ஆகவே, மொட்டைமாடியில் விமானம் என்பது வெறும் நகைப்புக்குரிய பேச்சன்று!

அமெரிக்கச் சட்டத்தின்படி, இத்தகைய விமானத்தின் வேலையில் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ கட்டுபவர் தாமே செய்திருத்தல் வேண்டும். அவ்வாறு செய்தவருக்கு ஒரு பெரிய சுதந்திரம் கிடைக்கிறது. தொழிற்சாலையில் செய்யும் விமானத்தில் ஒவ்வொரு திருகாணிக்கும் அரசின் ஒப்புதல் தேவை. கையாற் கட்டிய விமானத்தில் எக்கருவியை எங்கே பொருத்துவது என்பதைப் பெரும்பாலும் கட்டுபவரே முடிவு செய்யலாம். சுதந்திரம் இனியது, ஆனால் அது பொறுப்பையும் உடன் அழைத்துவருகிறது. தவறாகத் தெரிந்தெடுத்த கருவியை எடுத்து எறியும்படி கூற அங்கே எவரும் இல்லை. அத்தவற்றை முகில்தான் வெளிப்படுத்தும்.

முகிலைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணம் பெரிதும் தரையிலிருந்து பார்த்த எண்ணமே. மழைக்கு முன்னோடியாக அதனை வரவேற்று மகிழ்கிறோம். அதன் உள்ளே புகுந்த விமானிக்கோ, மேலும் கீழும் ஒன்றாகிவிடுகின்றன. நம் உடல் நிலைகுலையாமல் நிற்பதற்குக் கண்ணும், காதினுள் அமைந்த நுண்ணிய உறுப்பும் துணைசெய்கின்றன. கண் மறைக்கப்பட்டால் காது தனித்து நின்று பொய் சொல்லத் தொடங்கும். விமானம் மெல்ல ஒருபுறம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும். விமானியோ நேராகச் செல்வதாகவே உணர்வார். 1954-இல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடைபெற்றது. கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்கும் பயிற்சியில்லாத இருபது பேரை, முகிலுக்குள் புகுந்தாற்போன்ற நிலையில் விமானம் செலுத்தச் செய்தனர். இருபதின்மரும் விமானத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க இயலாது போயினர். அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் சராசரியாக 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

ஆகவே, முகிலுக்குள் செல்பவர் தம் உணர்வை ஒதுக்கிவைத்துக் கருவியையே நம்பக் கற்றல் வேண்டும். இதனையே கருவிவழிப் பறத்தல் என்கிறோம். தம்மையே நம்பாமல் ஒரு பெட்டியை நம்பவேண்டிய நிலை அது. அங்ஙனமாயின், நம்பத்தகுந்த பெட்டி எது என்னும் கேள்வி உயிர்க் கேள்வியாகிறது அன்றோ!

இனி ஜி.பி.எஸ். பற்றிப் பார்ப்போம். நிலத்திலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் செயற்கைக் கோள்கள் ஒவ்வொன்றும், 'இப்போது நேரம் இது. யான் இருக்கும் இடம் இது' என்று இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அச்செய்தி நம்மை வந்தடைய எடுத்த நேரத்தைக் கொண்டு, அக்கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று நம் கருவி கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால், நாம் நிற்கும் இடமும் உயரமும் புலனாகும். இவை அனைத்தும் கடிகாரத்தின் நேர்மையைச் சார்ந்தவை. ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் தொலைவு 300 மீட்டர் மாறிவிடும்.

அமெரிக்கப் படைக்கென 1978 முதல் ஏவப்பெற்ற இக்கோள்கள் பொதுமக்களுக்கும் உரியவையானதற்குப் பின்னே ஒரு துயர வரலாறு உண்டு. 1983 செப்டம்பர் 1-ஆம் நாள், அலாஸ்காவிலிருந்து தென் கொரியா சென்ற கொரிய விமானம் ஒன்று, வழிதவறிச் சோவியத் வான்வெளியில் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். அதன் தானியங்கிச் செலுத்தி, செல்ல வேண்டிய வழியைப் பற்றாமல், ஒரே திசையைப் பற்றிக்கொண்டிருந்தது. வழி விலகிய செய்தியை விமானிகள் இறுதிவரை அறியவில்லை. இக்கொடுமைக்குப் பின்னரே, ஜி.பி.எஸ். முழுமை பெற்றதும் உலகத்தார் அனைவரும் அதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகனின் அரசு அறிவித்தது. பொதுமக்களுக்கான சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துவைக்கும் வழக்கமும் 2000 மே மாதத்தில் கைவிடப்பெற்றது. அதன் பயனே இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

சட்டைப்பையில் இருக்கிறதென்றால், விமானிக்கு மட்டும் வேறு கருவி எதற்கு? இங்கேதான் நம் பொருளின் உயிர்நிலை உள்ளது.

மொழி தெரியாத இவ்வூருக்கு நாம் முதன்முதல் வந்து இறங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். கையில் முகவரிச் சீட்டை வைத்துக்கொண்டு வழி கேட்டோம். 'எனக்குத் தெரியாது' என்று கூறிச் சென்றவர் ஒருவர். தெரியாவிட்டாலும், தெரிந்தவர்போல் கையை நீட்டித் திசை காட்டியவர் மற்றொருவர். நம்மை அலையவிட்டவர் யார்? முதல்வர் அல்லர், இரண்டாமவரே. முதல்வரால் ஒரு நிமிடம் வீணாயிற்று. இரண்டாமவரால் ஒரு மாலைப்பொழுதே வீணாயிற்று. முகிலுக்குள் இரண்டாமவரை நம்பினால் வீணாவது மாலைப்பொழுது அன்று.

நம் கைத்தொலைபேசி அந்த இரண்டாமவரைப் போன்றது. மேம்பாலத்தின் கீழே செல்லும்போது, நாம் பாலத்தின் மேலே செல்வதாக அது காட்டுவதை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். அதன் முகத்தில் ஐயத்தின் சாயல் சிறிதும் தோன்றுவதில்லை. தெருவில் அது பெரும்பாலும் வேடிக்கையோடு முடிந்துவிடும். மலையடிவாரத்தில், ஓடுபாதையைத் தேடி முகிலுக்குள் இறங்கும் விமானிக்கு அப்பிழை இறுதிப் பிழையாகிவிடக்கூடும்.

கருவிவழிப் பறத்தலுக்கென அமைந்த ஜி.பி.எஸ். பெட்டி, இடத்தைக் காட்டுவதோடு நில்லாமல், தான் காட்டுவது நம்பத்தக்கதா என்பதையும் ஒவ்வொரு கணமும் ஆராய்கிறது. நான்கு கோள்கள் போதுமெனினும் அது ஐந்தாவதையும் நாடுகிறது. ஐந்து சான்றாளரின் கூற்றை ஒப்பிட்டால், அவர்களுள் ஒருவர் பொய்யுரைப்பது தெரிந்துவிடும். ஆறு பேர் இருந்தால், பொய்யர் யார் என்பதையே கண்டு அவரை விலக்கிவிடலாம். இச்சோதனையை விமானத்துறையினர் 'ரெய்ம்' என்று சுருக்கி வழங்குவர். இது வீண் அச்சமன்று. 2004 சனவரி 1-ஆம் நாள் ஒரு செயற்கைக் கோளின் கடிகாரம் கெட்டு, சில மணி நேரம் அது பெரும்பிழையான செய்தியைப் பரப்பியது. ரெய்ம் உடைய பெட்டி அதனைக் கண்டுகொள்ளும். இல்லாத பெட்டி அதனையும் மெய்யென்று ஏற்கும்.

இதனினும் வலிய காவல் ஒன்று 2003 சூலை மாதத்தில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அதனை 'வாஸ்' என்பர். இடம் துல்லியமாக அளந்தறியப்பட்ட 38 தரை நிலையங்கள் கோள்களின் செய்தியை இடைவிடாமல் சரிபார்க்கின்றன. பிழை எவ்வளவு என்பது நிலநடுக்கோட்டின் மேல் நிற்கும் வேறு கோள்களின் வழியாக விமானத்திற்கு அறிவிக்கப்படுகிறது. ஒரு கோளை நம்பலாகாது என்னும் எச்சரிக்கை ஏறத்தாழ ஆறே வினாடியில் விமானிக்கு எட்டிவிடும். நம் நாட்டிலும் இந்திய விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து, 15 தரை நிலையங்களோடு 'ககன்' என்னும் இத்தகைய அமைப்பை உருவாக்கியுள்ளன. 2022 ஏப்ரலில் இராசத்தானத்துக் கிஷன்கட் விமான நிலையத்தில் இண்டிகோ நிறுவனத்தின் விமானம் ஒன்று ககன் துணையோடு இறங்கிக் காட்டியது.

வாஸ் பெட்டியின் பயன் இறங்கும் வேளையிலேதான் முழுமையாக விளங்கும். இடவலம் மட்டும் காட்டும் எளிய இறங்குமுறையில், பல ஊர்களில் தரைக்கு நானூறு அடிக்கு மேலேயே விமானி நின்றுவிட வேண்டும். அதற்குள் ஓடுபாதை தென்படாவிட்டால் திரும்பிவிட வேண்டும். 'எல்.பி.வி.' என்னும் வாஸ் இறங்குமுறை மேல்கீழ்ச் சரிவையும் காட்டுவதால், தகுந்த இடங்களில் 200 அடி வரை இறங்கி வரலாம். அமெரிக்காவில் இத்தகைய இறங்குமுறைகள் நாலாயிரத்துக்கு மேல் உள்ளன. தரையில் வேறு வழிகாட்டும் நிலையமே இல்லாத சிற்றூர் ஓடுபாதைகளும் அவற்றுள் அடங்கும்.

இப்போது, கட்டுபவர் கடைக்குச் செல்லும் காட்சிக்கு வருவோம். அங்கே அவர் கண்ணை முதலில் கவர்வது அகன்ற, அழகிய வண்ணத் திரை. கார்மின் நிறுவனத்தின் ஜி3எக்ஸ் டச், டைனான் நிறுவனத்தின் ஸ்கைவியூ முதலிய திரைகள் கையாற் கட்டிய விமானங்களில் பெருவழக்காக உள்ளன. விமானத்தின் சாய்வு, உயரம், வேகம், நிலப்படம் ஆகிய அனைத்தையும் ஒரே திரையில் காட்டும் அவை உண்மையிலேயே சிறந்த கருவிகள். அவற்றினுள்ளும் ஜி.பி.எஸ். உண்டு. ஆனால் அது தெளிந்த வானில் பறப்பதற்குரியது. முகிலுக்குள் இறங்கும் வழியைக் காட்டுவதற்கு, தனியே ஒரு பெட்டியை அத்திரையோடு இணைத்தல் வேண்டும். இதனை அறியாமல், திரையிலேயே பணம் முழுவதையும் செலவிட்டுவிட்டு, பின்னர்க் கருவிப் பலகையில் சிறிய பெட்டிக்கு இடமின்றித் திகைப்பது எளிதில் நேரக்கூடியது. ஆகவே, முதலில் பெட்டியைத் தெரிந்தெடுத்து, அதற்கேற்பத் திரையைத் தெரிந்தெடுப்பதே முறை.

அப்பெட்டியை அறிவது எப்படி? அதன் அடையாளத் தகட்டில் 'டி.எஸ்.ஓ.' என்னும் எழுத்துகளையும் ஓர் எண்ணையும் காணலாம். அமெரிக்க விமானத்துறை வகுத்துள்ள தர அளவு அது. எண் சி-129 என்றிருந்தால் அது பழைய தலைமுறை. ரெய்ம் உண்டு, வாஸ் இல்லை. அதனை வைத்திருப்பவர் அவ்வழிக்கு ஏற்ற வேறொரு வழிகாட்டும் கருவியையும் விமானத்தில் கொண்டுசெல்லக் கடமைப்பட்டவர். எண் சி-145 அல்லது சி-146 என்றிருந்தால் அது வாஸ் தலைமுறை. 'யாம் கட்டியது சோதனை விமானம்தானே, இவ்வெண்கள் எமக்கு எதற்கு?' என்று சிலர் எண்ணுவர். விமானத்தின் பிற உறுப்புகளில் அவ்வெண்ணத்திற்கு இடமுண்டு. ஆனால் கருவிவழிப் பறக்கும் ஜி.பி.எஸ். இத்தர அளவுக்கு நிகராக இருத்தல் வேண்டுமென்று விமானத்துறை எதிர்பார்க்கிறது. நிகரென்று மெய்ப்பிக்கும் சுமை கட்டியவர் தலையில் விழும். வீட்டில் அமர்ந்து அதனை மெய்ப்பிப்பது அரிது. தரம் பொறித்த பெட்டியை வாங்குவது எளிது.

இன்று விற்கப்பெறும் பெட்டிகள் பலவகை. கார்மின் ஜி.பி.எஸ். 175 வழிகாட்டுதல் ஒன்றையே செய்வது. ஜி.என்.சி. 355 அதனோடு பேசும் வானொலியையும் சேர்த்தது. ஜி.என்.எக்ஸ். 375 விமானத்தின் இருப்பிடத்தைப் பிறர்க்கு அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டரையும் உடன் கொண்டது. 2020 முதல் அமெரிக்காவின் பெருநகர் வான்வெளிகளில் அவ்வறிவிப்புக் கட்டாயமாகும். கார்மின் ஜி.டி.என். 650எக்ஸ்.ஐ., அவிடைன் ஐ.எப்.டி. 440 ஆகியவை பேசும் வானொலியோடு, தரை நிலையங்களைக் கேட்டு வழியறியும் வானொலியையும் ஒரே பெட்டியில் அடக்கியவை. விமானத்தில் ஏற்கெனவே உள்ளது யாது, இல்லாதது யாது என்று பட்டியலிட்டுப் பார்த்தால், எது தமக்கு ஏற்றது என்பது தானே விளங்கும். பழைய பெட்டியை வாங்க விழைவோர் ஓர் எழுத்தை மறவாது பார்க்க வேண்டும். ஜி.என்.எஸ். 430 என்பதற்கும், இறுதியில் 'டபிள்யூ' சேர்ந்த 430-க்கும் உள்ள வேறுபாடு வாஸ் இல்லாமைக்கும் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு. பழுது நேர்ந்தால் உதிரி உறுப்புக் கிடைக்குமா என்பதையும் பணம் கொடுக்குமுன் கேட்டறிதல் நலம்.

நல்ல பெட்டியை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. பொருத்தும் முறையும் ஒழுங்காக அமைய வேண்டும். கோள்களின் செய்தி மிகமிக நொய்யது. ஆண்டெனா விமானத்தின் முதுகில், வானம் தடையின்றித் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி இழையாலான உடலாயின் அதன் உட்புறத்திலும் வைக்கலாம். கார்பன் இழையாயின் அலை உள்ளே புகாது. விமானி பேசும் வானொலியே கோள்களின் குரலை மறைப்பதும் உண்டு. கோள் பயன்படுத்தும் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். பேசும் வானொலியை 131.275-இல் வைத்தால், அதன் பன்னிரண்டு மடங்கு ஏறக்குறைய அதே இடத்தில் வந்து விழும். ஆகவே தரையில் நின்றபடியே 121.175, 131.275 முதலிய வரிசைகளில் பேசிப் பார்த்து, கோள்கள் மறைகின்றனவா என்று சோதித்தல் வேண்டும். இச்சோதனைக்கு ஆகும் செலவு அரைமணி நேரம்தான்.

கருவியை எங்கே வைப்பது என்பதும் சிறு செய்தியன்று. 1997 அக்டோபர் 12-ஆம் நாள், புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், பிறர் ஒருவர் கட்டிய லாங் ஈசி விமானத்தில் பறந்து, கலிபோர்னியக் கடலில் வீழ்ந்து மாண்டார். எரிபொருள் தொட்டியை மாற்றும் பிடி, விமானத்தை வகுத்தவர் வரைந்த இடத்தில் இல்லாமல், விமானியின் இடத்தோளுக்குப் பின்னே வைக்கப்பட்டிருந்தது. அதனை எட்டுவதற்கு உடலைத் திருப்ப வேண்டியிருந்ததை விசாரணையாளர் ஒரு காரணமாக எடுத்துக்காட்டினர். அது முகிலில் நேர்ந்ததன்று, ஜி.பி.எஸ். பற்றியதுமன்று. ஆயினும் கட்டுபவருக்கு உரிய சுதந்திரத்தின் விலையை அது காட்டுகிறது. அலைக்கழிக்கும் முகிலில் தலையைத் திருப்பினாலே மயக்கம் மிகும். எச்சரிக்கை விளக்கு நேர்ப்பார்வையிலும், பொத்தான் கைக்கெட்டும் தொலைவிலும் இருத்தல் வேண்டும்.

இனி, நம் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறோம். வழித்துணைவர் 'எனக்கு வழி தெரியவில்லை' என்று உண்மையைக் கூறிவிட்டார். பிறகு என்ன செய்வது? கோள்களின் மெல்லிய குரலை மறைப்பதும், அவற்றின் குரலைப்போலவே பொய்க்குரல் எழுப்புவதும் இன்று உலகின் பல இடங்களில் நிகழ்கின்றன. தேர்ந்த பொய்க்குரலைக் கண்டறிவதில் ரெய்ம் கூடத் தவறக்கூடும். 2025 நவம்பரில் தில்லி விமான நிலையத்தை ஜி.பி.எஸ். வழியாக அணுகிய சில விமானங்கள் இப்பொய்க்குரலை எதிர்ப்பட்டன. தரை நிலையங்களைக் கொண்டு இறங்கிய ஓடுபாதைகளில் அதனால் ஊறு நேரவில்லை என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

ஆகவே, முகிலுக்குள் செல்லும் விமானத்தில், கோள்களைச் சாராத இரண்டாவது வழியும் இருத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. வி.ஓ.ஆர்., ஐ.எல்.எஸ். என்னும் தரை நிலையங்களைக் கேட்கும் ஒரு வானொலி அதற்குப் போதும். 'பழங்காலத்துக் கருவி எதற்கு?' என்று இளைஞர் வினவலாம். அமெரிக்க அரசு தன் வி.ஓ.ஆர். நிலையங்களிற் பலவற்றை மூடிவரினும், ஜி.பி.எஸ். மறைந்தாலும் ஏறத்தாழ 100 கடல் மைலுக்குள் இறங்கத்தக்க ஒரு விமான நிலையம் கிடைக்கும்படி எஞ்சியவற்றைக் காத்துவருகிறது. அரசே கைவிடாத துணையைத் தனி மனிதர் கைவிடலாமா? திரை, பெட்டி, வானொலி ஆகிய மூன்றும் ஒரே மின்கம்பியில் தொங்கவும் கூடாது. மின்னாக்கி நின்றாலும், விமானம் தரை சேரும்வரை கருவிகளைக் காக்க இரண்டாவது பாட்டரி வேண்டும்.

கருவிக்குச் சொன்னது கருவியைக் கையாள்பவருக்கும் பொருந்தும். வழிகளும் ஊர்களும் அடங்கிய தரவு 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதற்கு ஆண்டுதோறும் சந்தா உண்டு. பெட்டியை வாங்கும்போதே இச்செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெட்டி, நாம் கேட்டதைத்தான் கொடுக்கும். நாம் எண்ணியதை அன்று. 1995 டிசம்பர் 20-ஆம் நாள், கொலம்பியாவின் காலி நகரை நெருங்கிய அமெரிக்கப் பயணிகள் விமானம் ஒன்றில், 'ரோசோ' என்னும் நிலையத்தை நாடிய விமானிகள் 'ஆர்' என்ற எழுத்தைக் கணிப்பொறியில் இட்டனர். அதன் தரவிலோ அவ்வெழுத்துப் பொகோட்டாவை அடுத்த 'ரோமியோ' நிலையத்தைக் குறித்தது. இரவில் விமானம் மலைப்பக்கம் திரும்பியது. 159 பேர் உயிரிழந்தனர். பொறி பழுதாகவில்லை, கேட்ட கேள்விக்குச் சரியாகவே விடையளித்தது. திரையில் தோன்றிய பெயரை ஒருமுறை உரக்கப் படித்து, வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எவ்விலைக்கும் கடையில் கிடைக்காது.

அமெரிக்கச் சட்டம், ஆறு மாதத்திற்குள் ஆறு இறங்குமுறைகளைச் செய்து பழகாதவர் முகிலுக்குள் தலைமை விமானியாகச் செல்லலாகாது என்கிறது. இவற்றைத் தெளிந்த வானில், பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொண்டு, கண்ணை மறைத்துச் செய்யலாம். புதிதாய்க் கட்டிய விமானத்தையோ முதற் சோதனைக் காலம் முழுவதும் பகலில், தெளிந்த வானில் மட்டுமே செலுத்தல் வேண்டும். இக்காலத்தை வீண் தடையென்று கருதுவது பிழை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும்போதே பெட்டி காட்டும் வழியில் இறங்கிப் பார்த்து, அது சொல்வதும் கண் காண்பதும் ஒத்துவருகின்றனவா என்று ஆராய்வதற்கு ஏற்ற காலம் அதுவே. பகலில் நட்பைச் சோதித்தவரே இரவில் நண்பரை நம்பலாம்.

அன்பர்களே! நேரம் கடந்துவிட்டது, குழந்தைகள் நடனத்திற்குக் காத்திருக்கின்றனர். முதலில் கூறிய கேள்விக்கு வந்து முடிக்கின்றோம். பிள்ளை தொலைபேசியில் அழைத்து விமானம் கட்டியதைச் சொன்னால், அதன் விலையைக் கேட்காதீர்கள், வேகத்தைக் கேட்காதீர்கள். "தம்பி, உன் கருவிக்கு வழி தெரியாமற் போனால், தெரியவில்லை என்று அது உன்னிடம் சொல்லுமா? சொன்னால் நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். முதற் பகுதிக்கு அவன் வாங்கிய பெட்டி விடை கூற வேண்டும். இரண்டாம் பகுதிக்கு அவன் வைத்திருக்கும் மாற்றுக் கருவியும், பெற்ற பயிற்சியும், 'இன்று பறக்க வேண்டாம்' என்று முடிவுசெய்யும் துணிவும் விடை கூற வேண்டும். இரண்டுக்கும் தயங்காது விடையளிப்பானாயின், மனமார வாழ்த்தி அனுப்புங்கள். தயங்கினால், முகில் விலகும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். காத்திருந்து நாளைப் புறப்படுவதில் இழிவொன்றும் இல்லை.

தெரியாததைத் தெரியாது என்று கூறும் துணையே, வானிலாயினும் மண்ணிலாயினும், நம்பத்தக்க துணை.